தாமதமாகும் துஆவும் தளராத பணிவிடையும்

 



பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள மஹல்லாக்களில் நாம் பயானுக்குச் செல்லும்போது, பெண்கள் பகுதியிலிருந்து சீட்டுகள் வருவதுண்டு. தலாக், வட்டி, தங்கத்தின் ஜகாத் என்று பலவும் அவற்றில் இருக்கும். ஆனால் பெயரில்லாமல், நடுங்கிய கையெழுத்தில் வரும் ஒரு கேள்வி எந்த ஊரிலும் தப்புவதில்லை. "ஹஜ்ரத், என் கணவர் படுக்கையில் விழுந்து இத்தனை காலமாயிற்று. தஹஜ்ஜுதில் அழுது கேட்டும் விடிவில்லை. ஸப்ர் செய் என்கிறார்கள். எதுவரை ஸப்ர் செய்வது?" சில சீட்டில் கணவர் இருக்குமிடத்தில் மகன் இருப்பான், சிலவற்றில் மாமியார் இருப்பார். கேள்வி ஒன்றுதான்.

இதற்கு "பொறுத்திருங்கள், அல்லாஹ் நாடினால் நடக்கும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் நோயாளியின் மலஜலம் எடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் ஒரு தாய்க்கு அந்த ஒரு வரி எந்த வகையில் போதும்? ஆகவே இம்மாதம் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில், ஸப்ர் என்றால் என்ன? நம் வீடுகளில் இச்சொல்லுக்குக் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்ற பொருள் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அரபு மொழியில் அதன் அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்துவது, கட்டிவைப்பது என்பதாகும். எதைக் கட்டிவைப்பது? நாவை முறையீட்டிலிருந்தும், உள்ளத்தை நிராசையிலிருந்தும், உடலை வரம்பு மீறுவதிலிருந்தும் கட்டிவைப்பது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். காலைக் கட்டிப்போட்டுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை! அப்படிச் சொல்லியிருந்தால் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடியிருக்க மாட்டார்கள்.

அந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொரு முறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். புல் பூண்டற்ற பள்ளத்தாக்கு. ஒரு பை பேரீத்தம்பழம், ஒரு தோல்பை தண்ணீர், மடியில் பால்குடிப் பிள்ளை. கணவர் இப்றாஹீம் (அலை) அவர்கள் விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று அம்மையார் கேட்கிறார்கள். ஆம் என்று தெரிந்ததும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி வந்து அமர்கிறார்கள். இது தவக்குலின் உச்சி. இதற்கு மேல் உறுதி யாருக்கு வரும்?

ஆனால் தண்ணீர் தீர்ந்து, பால் வற்றி, பிள்ளை துடிக்கத் தொடங்கியபோது அதே அம்மையார், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபா குன்றில் ஏறிப் பார்த்தார்கள். யாருமில்லை. இறங்கி ஓடி மர்வாவில் ஏறினார்கள். அங்கும் யாருமில்லை. மறுபடி ஸஃபா. ஏழு முறை! கூட்டினால் ஏறத்தாழ 3 கிலோ மீட்டர் வரும். ஆறாவது முறை வெறுங்கையோடு நின்றவருக்கு ஏழாவது முறை ஓட எங்கிருந்து கால் வந்தது?

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தண்ணீர் ஸஃபாவில் கிடைக்கவில்லை, மர்வாவிலும் கிடைக்கவில்லை. அம்மையார் எந்தத் திசையில் தேடினார்களோ அந்தத் திசையிலேயே வரவில்லை. பிள்ளை கிடந்த இடத்தில், வானவரின் மூலம் ஊற்றெடுத்தது. அப்படியானால் அந்த ஓட்டம் வீணா? வீண் என்றால் அல்லாஹ் அதை ஹஜ்ஜின் கிரியையாக ஆக்கி, கியாமத் நாள் வரை கோடானுகோடி மக்களை அதே பாதையில் நடக்க வைத்திருப்பானா? பலன் கிடைத்த இடம் வேறு, பாடுபட்ட இடம் வேறு. அல்லாஹ் இரண்டையுமே ஏற்றுக்கொண்டான்.

இந்த உண்மைக்கு மக்காவில்தான் சான்று தேட வேண்டும் என்பதில்லை. நம் பகுதி மக்கள் தினமும் மின்சார ரயிலில் கடந்துபோகும் ஒரு நிலையத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் வண்டி குரோம்பேட்டையை விட்டதும் தாம்பரம் சானடோரியம் வரும். சானடோரியம் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால், அது ஊரின் பெயர் என்பார்கள். க்ஷயரோகம் என்னும் காசநோய்க்கான இல்லம் அது. 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்தில் காசநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து அனுபவம் பெற்றவர். தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. 1937-இல் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் வெளியூர்களில், "தாம்பரத்தில் சேர்த்திருக்கிறார்கள்" என்று சொன்னால் என்ன நோய் என்று மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த 12 படுக்கைகள் போடப்பட்டபோது காசநோய்க்கு மருந்து என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமில்லை! நோய்க்கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல். ஐசோநியாசிட் என்ற மாத்திரை பயனுக்கு வந்தது 1952-இல். அப்படியானால் 1928-இல் அங்கே என்ன செய்தார்கள்? சுத்தமான காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, துப்புரவு. எச்சில் கலயத்தைக் கழுவினார்கள், துணி மாற்றினார்கள், காய்ச்சலைக் குறித்துவைத்தார்கள், இரத்தம் கக்கியவரைத் தாங்கிப் பிடித்தார்கள். சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் கலயத்தைக் கழுவினார்கள்.

மருந்து வரும் என்று அவர்களுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு வருமா, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு வருமா, வராமலே போகுமா, எதுவும் தெரியாது. மருந்து வரட்டும், பிறகு படுக்கை போடலாம் என்று அவர்கள் இருந்திருந்தால், மருந்து வந்த நாளில் அதைக் கொடுக்க ஓர் இடமும் இருந்திருக்காது, கொடுக்கத் தெரிந்த கையும் இருந்திருக்காது.

அவர் கிறிஸ்தவர் ஆயிற்றே, மார்க்கப் பத்திரிகையில் அவரைப் பற்றி எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் செல்லும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வந்துள்ளது. அந்த வைத்தியர் இஸ்லாத்தில் இருந்தவரா என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை என்பதும் தெரிந்ததே. நன்மை செய்தவரை நன்மை செய்தார் என்று சொல்வதால் நம் ஈமானுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அதே வளாகத்தில் இதே வரலாறு இரண்டாம் முறையும் நடந்தது. எய்ட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவில் இருப்பது 1986-இல் சென்னையில்தான் முதலில் உறுதி செய்யப்பட்டது. பிற இடங்களில் அந்நோயாளிகளைத் தொடவே அஞ்சிய காலத்தில், 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை அவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டது. அப்போதும் அவர்களுக்குக் கொடுக்க உரிய மருந்து கையில் இல்லை. கூட்டு மருந்துகள் 1996 வாக்கில் மேல்நாடுகளில் வந்தன. ஆனால் ஏழைக்கு எட்டாத விலை. அரசாங்கம் அவற்றை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 முதல். அதைக் கொடுக்கத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. நடுவிலிருந்த பதினோரு ஆண்டுகளும் வந்த காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காசத்துக்கும் வைத்தியம் பார்த்து, கஞ்சி கொடுத்து, கண்ணை மூடும்போது பக்கத்தில் நின்றார்கள். பெற்ற தாய் தகப்பன் வராத படுக்கைகளும் அவற்றில் இருந்தன. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் அவர்களில் இருக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த நோயையும் அதற்கான நிவாரணி இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் திருவாக்கின் கருத்து. புகாரியில் வந்திருக்கிறது. இறக்கிவிட்டான் என்பது உறுதி. நம் கைக்கு அது எப்போது வரும் என்பது அவனது நாட்டம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

சரி, இது ஆஸ்பத்திரிக் கதை, வீட்டிலிருக்கும் எங்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றொரு பகுதியினரைச் சொந்த வீட்டிலேயே வைத்து, ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். நெரிசலான குடிசைகள், போதாத உணவு. 1959-இல் முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஒழுங்காக மருந்து உட்கொண்டால், வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்திலிருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகமாகிவிடவில்லை. உலகெங்கும் காசநோய் இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு நம் சென்னையில் நடந்த இந்த ஆய்வு பெருங்காரணம்.

இதன் பொருள் என்ன? 1928-இல் மருத்துவமனைத் தாதி செய்த பணிவிடை, இன்று ஒரு வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது. சானடோரியம் இப்போது நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

இந்தக் கூடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாத மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், காய்ச்சல் விடும், எடை கூடும். உடனே, "அல்ஹம்து லில்லாஹ், சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். கிருமி சாகவில்லை, பதுங்கியிருக்கிறது. சில மாதத்தில் முன்னைவிட வலுவாக, அதே மருந்துக்கு அடங்காததாக எழுகிறது.

துஆ விஷயத்திலும் நம் வழக்கம் இதுதான். அடியான் அவசரப்படாத வரையில் அவன் துஆ ஏற்கப்படும் என்றும், கேட்டேன், எனக்குப் பதிலில்லை என்று சொல்லிக் கேட்பதையே விட்டுவிடுவதுதான் அந்த அவசரம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இரண்டாம் மாதம் மாத்திரையை வீசியவனையும் நாற்பதாம் நாள் தஹஜ்ஜுதை விட்டவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முகம் ஒன்றாகத்தான் இருக்கும்.

தவக்குல் என்ற பெயரில் மருந்தை நிறுத்துவோரும் உண்டு. ஓதிப் பார்ப்பது ஆகுமானது. நாயகம் (ஸல்) அவர்களே ஓதி ஊதியிருக்கிறார்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்கள்தாம். ஜியாரத்துக்காகக் கோவளம் தமீமுல் அன்ஸாரி தர்ஹாவுக்குப் போய்த் தங்குகிறவர்கள் போகட்டும். மாத்திரை அட்டையையும் மறக்காமல் பையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

அய்யூப் (அலை) அவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவர்கள் திருமேனியில் புழு நெளிந்தது, ஊரார் குப்பைமேட்டில் போட்டார்கள் என்றெல்லாம் சில மேடைகளில் உருக்கமாகச் சொல்கிறார்கள். இவற்றுக்கு ஆதாரமில்லை. மக்கள் அருவருத்து ஒதுங்கும் நோய் நபிமார்களுக்கு வராது என்பதே நம் உலமாக்களின் கொள்கை. திருமறையில் (21:83, 84) இருப்பது என்ன? தமக்குத் துன்பம் தீண்டிவிட்டதை எடுத்துச் சொல்லி, நீயே கருணையாளர்களில் பெருங்கருணையாளன் என்று அவனைப் புகழ்ந்தார்கள். குணப்படுத்து என்ற சொல்லைக்கூட அதில் காணோம்! அல்லாஹ் குணப்படுத்தினான். அதேபோல், மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுதழுது கண் வெளுத்துப்போனார்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகவும் சொன்னார்கள் (12:86). ஆகவே தாய்மார்களே, முஸல்லாவில் அழுவது ஸப்ருக்கு மாற்றமன்று. அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்து எழுந்து மருந்து நேரத்தைப் பார்ப்பதில் எந்த முரணும் இல்லை.

நோயாளிகளின் அமல் பற்றிச் சில மஸ்அலாக்கள் கேட்கப்படுகின்றன.

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழ வேண்டும் என்ற சட்டம் எந்த ஸஹாபியின் கேள்வியால் நமக்குக் கிடைத்தது? இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களால். உமர் (ரலி) அவர்கள் இவர்களை மார்க்கம் கற்றுக்கொடுக்கப் பஸராவுக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்று நோயால் சுமார் முப்பது ஆண்டுகள் அவதிப்பட்டதாக வரலாற்றில் வருகிறது. பார்க்க வந்த ஒருவர் நிலைமையைக் கண்டு அழுதபோது, அல்லாஹ்வுக்கு எது பிரியமோ அதுவே எனக்கும் பிரியம் என்ற கருத்தில் அவர்களே ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அந்த நிலையிலும் மக்கள் அவர்களிடம் ஹதீஸ் கேட்டுச் சென்றார்கள். படுத்த படுக்கையிலும் ஒருவர் கித்மத் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் வீட்டு நோயாளியிடம் பேரப்பிள்ளையின் ஸூராவைக் கேட்டுத் திருத்தும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். தாம் பாரம் என்ற எண்ணம் அவருக்குப் பாதி குறையும்.

ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதைத் தகுதியுள்ள மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கூடாது என்று அவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். அது ரப்பு தந்த சலுகை (2:185). ஆனால் நோன்பை விட்டவர்கள் ஏழைக்கு அரிசி கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். குணமாகும் நம்பிக்கையுள்ள நோய்க்கு ஃபித்யா போதாது. சுகமான பின் களா செய்தாக வேண்டும். காசநோய் இன்று குணமாகும் நோய். நோய் தெளியாமலே ஒருவர் மரணித்துவிட்டால் அவர்மீது அந்தக் களா கடனாக நிற்காது.

காசநோய் மாத்திரை ஒன்றால் சிறுநீர் மட்டுமின்றி வியர்வையும் கண்ணீரும்கூடச் செந்நிறமாகும். இரத்தமோ, துணி நஜீஸாகிவிட்டதோ, உளூ முறிந்ததோ என்று சிலர் கலங்குகிறார்கள். அது மருந்தின் நிறம். வியர்வையும் கண்ணீரும் சுத்தமானவையே. தொழுகைக்கு இடையூறு இல்லை.

சளியில் கிருமி இருக்கும் காலத்தில் பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே தொழுவதுதான் முறை. பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளியை விட்டு விலகியிருக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, மூச்சில் நோய் பரப்புபவர் விஷயத்தில் சொல்லவும் வேண்டுமா? ஒழுங்காக மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் நிலை பெரும்பாலும் நீங்கிவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள். மருத்துவர் சரி என்றதும் அவர் ஸஃப்பில் வந்து நிற்கும்போது பக்கத்திலிருப்பவர் விலகி நிற்பது பெரும் பாவம் போன்றதுதான் நம் பார்வையில்.

வீட்டிலும் அப்படித்தான். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கிறார்கள். காசநோய் காற்றில் பரவுவது, தட்டில் பரவுவதன்று. இருமும்போது வாயை மூடினால் போதும். தும்மும்போது முகத்தைக் கையாலோ துணியாலோ மறைத்துக்கொள்வது நாயகம் (ஸல்) அவர்களின் ஸுன்னத்தாயிற்றே. மகனுக்கு நோய் வந்தால் மாமியார் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார். மருமகளுக்கு வந்தால் தாய் வீட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே ஆள் விட்டுத் தலாக் பேசுகிறார்கள். ஆறு மாதத்தில் தீரும் நோய்க்கு ஒரு நிகாஹை முறிக்கும் இவர்கள், மறுமையில் எந்த முகத்தோடு நிற்பார்கள்?

ஜமாஅத்தார் மீதும் பொறுப்புண்டு. 2015 டிசம்பர் முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. நம் பள்ளிவாசல்கள் ஜாதி மதம் பாராமல் கதவைத் திறந்தன. வாலிபர்கள் இடுப்பளவு நீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தார்கள். ஊரே வாழ்த்தியது, அல்ஹம்து லில்லாஹ்! ஒரு வார வெள்ளத்துக்கு ஓடிய அதே வாலிபர்கள், அடுத்த தெருவில் ஆறு மாதம் படுத்திருப்பவரை எத்தனை முறை எட்டிப் பார்த்தார்கள்? வெள்ளத்துக்கு முடிவு தெரியும், வடிந்துவிடும். முடிவு தெரியாத பணியில்தான் நம் கால் தளர்கிறது. மஹல்லாவில் நீண்ட நோயாளி யார் யார் என்று பேஷ் இமாமும் முத்தவல்லியும் அறிந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒருவர் சென்று இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால், அந்த வீட்டுப் பெண் சற்றுக் கண்ணயர்வாள். போகிறவர்கள் நாலு பேராய்ப் போய் அவளையே டீ போட வைத்துவிட்டு வராமல் இருந்தால் சரி.

நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று அல்லாஹ் மறுமையில் கேட்பான் என்ற கருத்துள்ள ஹதீஸ் குத்ஸியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இன்ன அடியானைப் பார்க்கச் சென்றிருந்தால் அவனிடம் என்னைக் கண்டிருப்பாய் என்பதுதான் அதன் விளக்கம்.

இனி, சீட்டு அனுப்பும் அந்தத் தாய்மார்களுக்கும், தகப்பனின் படுக்கையருகே ஜமாஅத்தைத் தவறவிடும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத நோயாளியைக் கவனிப்பது, ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும்கூடத் தகுந்த உளுர் என்று ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபின் கிதாபுகளிலும் இருக்கிறது. இரவுத் தொழுகை விடுபட்டதே, குர்ஆன் ஓத நேரமில்லையே என்று நீங்கள் ஏங்குகிறீர்கள்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமலான். பத்ருக்குப் படை புறப்படுகிறது. இஸ்லாத்தின் முதல் பெரும் போர். அதில் கலந்துகொண்டவர்களின் அந்தஸ்து என்னவென்று எல்லோருக்கும் தெரியும். உஸ்மான் (ரலி) அவர்கள் அதில் இல்லை. அவர்களின் மனைவியும், நாயகத்தின் அருமைப் புதல்வியுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயில் கிடந்தார்கள். நீ இங்கே இருந்து அவரைக் கவனி என்று நாயகம் (ஸல்) அவர்களே உஸ்மானை நிறுத்திவிட்டார்கள். உடன் உஸாமா இப்னு ஜைத் (ரலி) அவர்களையும் மதீனாவில் விட்டுச் சென்றார்கள்.

தோழர்களெல்லாம் போர்க்களத்தில் நிற்க, உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரு நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார்கள். எத்தனை துஆ கேட்டிருப்பார்கள்! கேட்கப்பட்டது நபியின் மகளுக்காக, கேட்டவர் சொர்க்கத்து நன்மாராயம் பெற்றவர். ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. ருகைய்யா (ரலி) அவர்கள் தேறவில்லை.

பத்ரின் வெற்றிச் செய்தியோடு ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் நாயகத்தின் ஒட்டகத்தில் மதீனாவுக்குள் நுழைந்தபோது, உஸ்மானும் உஸாமாவும் ருகைய்யாவின் கப்ரின்மீது மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்து, பத்ரில் போரிட்டவர்களுக்குரிய கனீமத்தின் பங்கை உஸ்மானுக்கும் கொடுத்தார்கள். பத்ரில் நின்றவருக்குரிய நன்மையும் அவருக்கு உண்டு என்று அறிவித்தார்கள்.